நிலவறைக்கு வெப்பக் காப்பு போட்டால் குளிர்கால மின்செலவு குறையுமா?

கேள்வி, 2024 ஜூன் 14 (தென்னாப்பிரிக்கா, புளூம்ஃபோன்டெய்ன் வாசகர்)

கனடாவில் இருக்கும் என் மச்சான் பேஸ்மென்ட் சுவர் முழுக்க இன்சுலேஷன் போட்டார். ஹீட்டர் செலவு நன்றாகக் குறைந்துவிட்டது என்கிறார். எங்கள் வீட்டிலும் ஹாலுக்குக் கீழே பாதி மண்ணுக்குள் இருக்கிற ஒரு அறை இருக்கிறது. இங்கே குளிர்காலமான ஜூன் வந்தால் தரை ஐஸ் மாதிரி. அந்த அறைக்குப் போட்டால் கரண்ட் செலவு குறையுமா? யாராவது இங்கே செய்து பார்த்தவர்கள் உண்டா?

2024 ஜூன் 14, இரவு

செய்து பார்த்தவள் நான்தான். செய்தேன், பிய்த்தேன், மறுபடி செய்யப் போகிறேன். ஜோஹன்னஸ்பர்க் கென்சிங்டனில் சரிவில் நிற்கும் பழைய வீடு, தகரக் கூரை, மரத்தரை. பின்பக்கம் ஹாலுக்கு அடியில், ஐந்து மீட்டருக்கு நான்கு மீட்டரில் ஒரு அறை. மூன்று பக்கம் மண், ஒரு பக்கம் தோட்டம். உங்கள் அறையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் போய் சீலிங் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டார்ச் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், சோறு பொங்குகிறது.

2024 ஜூன் 15

நிலவறையைக் கேட்டால் சீலிங்கைப் பார்க்கச் சொல்கிறாளே என்று கோபப்படாதீர்கள் தம்பி, கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. இன்று காலை ஆறு மணிக்கு எடுத்த அளவு: வெளியே 3 டிகிரி, ஹீட்டர் இல்லாத நிலவறையில் 13, ராத்திரி ஹீட்டரை அணைத்துவிட்டுத் தூங்கிய மேல் படுக்கையறையில் 11. கீழே இருப்பதைவிட மேலே குளிர்! எந்தப் பக்கம் வெப்பம் ஓடுகிறது என்பதை இரண்டு மலிவு தெர்மாமீட்டர் சொல்லிவிட்டன.

காரணம் மண். ஜோஹன்னஸ்பர்கின் ஆண்டு சராசரி வெப்பம் 16 டிகிரியை ஒட்டி. மண்ணுக்குள் எப்போதும் அதே 16 இருக்கும். அதனால் நிலவறை குளிர்காலத்தில் வெளியைவிடச் சூடு, கோடையில் வெளியைவிடக் குளிர்ச்சி. கனடாவின் டொராண்டோவில் சராசரி 9 டிகிரியை ஒட்டித்தான். அங்கே மண்ணும் திருடன், இங்கே மண் பாதி நண்பன்.

2024 ஜூன் 16

நேற்று எழுதியதில் ஒரு தவறு. "எப்போதும் அதே 16" என்பது பல மீட்டர் ஆழத்துக்குத்தான் பொருந்தும். நம் நிலவறைச் சுவர் தொட்டுக்கொண்டிருக்கும் மேல் ஒன்றரை மீட்டர் மண் பருவத்தோடு ஏறி இறங்கும். ஆனால் தாமதமாக. வெளியே ஜூலையில் கடுங்குளிர் என்றால் மண்ணுக்குள் அது ஆகஸ்டில்தான் போய்ச் சேரும். ஆகஸ்ட் நடுவில் பகலில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு நிலவறைக்குப் போனால் மறுபடி தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

2024 ஜூன் 16, மறுபடியும்

டர்பனிலிருந்து ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கிறார்: "ஹீட்டரா, அது என்ன?" சிரியுங்கள். உங்கள் ஊர் பிப்ரவரிப் புழுக்கத்தில் நீங்கள் பனியனைப் பிழியும்போது நாங்களும் சிரிப்போம்.

2024 ஜூன் 19

கணக்கு கேட்டார்கள். ஒரு பரப்பு வழியாகப் போகும் வெப்பம் என்றால், பரப்பளவை வெப்ப வித்தியாசத்தால் பெருக்கி, ஆர் மதிப்பால் (பொருள் வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) வகுக்க வேண்டும். அவ்வளவுதான், பள்ளிக்கூடக் கணக்கு.

என் வீட்டுச் சீலிங் 80 சதுர மீட்டர். உள்ளே 18, வெளியே 6 என்று வையுங்கள், வித்தியாசம் 12. தகரமும் வெறும் சீலிங்கும் சேர்ந்து ஆர் மதிப்பு 0.35 தேறும். போட்டுப் பார்த்தால் 2,700 வாட்டுக்கு மேல் கூரை வழியாகப் போகிறது. இரண்டு ஹீட்டரை மொட்டைமாடியில் வைத்து எரிப்பது போல. அதே சீலிங்கில் 3.7 இருந்தால் 260 வாட்.

இப்போது நிலவறைக்கு மேலே இருக்கும் மரத்தரை: 20 சதுர மீட்டர், மேலே 18, கீழே 13, வித்தியாசம் 5. பலகையின் ஆர் மதிப்பு 0.5 என்று வைத்தால் 200 வாட். முழுதாக அடைத்தாலும் மிச்சம் அந்த இருநூறுக்குள்தான்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். இந்த ஊரில் வீட்டுச் சூட்டைத் திருடுவது நிலவறை இல்லை, கூரை.

2024 ஜூன் 20

டொராண்டோவில் இருக்கும் என் அண்ணன் சண்டைக்கு வந்துவிட்டார். "3.7 எல்லாம் ஒரு இன்சுலேஷனா? நான் சுவருக்கே 20 போட்டிருக்கிறேன், கூரைக்கு 60" என்கிறார். இருபது நிமிடம் வாட்ஸாப்பில் கத்தினோம். கடைசியில் பார்த்தால் அவர் சொல்வது அடி, அங்குலக் கணக்கு ஆர். நம்முடையது மெட்ரிக். நம் எண்ணை 5.68 ஆல் பெருக்கினால் அவர் எண். நம்முடைய 3.7 அவர் மொழியில் 21.

கனடா, அமெரிக்க வீடியோ பார்த்துப் பொருள் வாங்குகிறவர்கள் இதைச் சுவரில் எழுதி வையுங்கள். கடையில் போய் "ஆர் இருபது வேண்டும்" என்று நின்றால் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார்கள். நான் நின்றிருக்கிறேன்.

3.7 என்ற எண் என் கற்பனை இல்லை. 2011-இல் வந்த சான்ஸ் 10400 எக்ஸ்.ஏ. என்ற தென்னாப்பிரிக்கக் கட்டட விதியில் ஜோஹன்னஸ்பர்க், புளூம்ஃபோன்டெய்ன் போன்ற குளிர் மண்டலத்துப் புது வீடுகளின் கூரைக்குச் சொன்ன அளவு. பழைய வீட்டை யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. ஆனால் 135 மில்லிமீட்டர் கண்ணாடிப் பஞ்சுச் சுருளை வாங்கிப் பரப்பினால், சீலிங்கின் சொந்த 0.35-ஐயும் சேர்த்து அந்த இடத்துக்கு வந்துவிடுவீர்கள். முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை. வெறுங்கையோடு ஏறிய என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சொறிந்தார்.

2024 ஜூன் 23

19-ஆம் தேதிக் கணக்கை நானே கொஞ்சம் கிழிக்கிறேன். வீடு முழுவதையும் 18 டிகிரியில் வைத்திருப்பதாகப் போட்டுவிட்டேன். இந்த ஊரில் யார் அப்படி வைக்கிறார்கள்? ஹாலில் ஒரு ஹீட்டர், மாலை ஆறு மணி நேரம், மற்ற அறைகளில் கம்பளிக்குள் ஓட்டம். அதனால் 30 சதுர மீட்டருக்கு மட்டும் போடுவோம். சீலிங் போட்டதால் மிச்சம் 930 வாட். ஆறு மணி நேரம், தொண்ணூறு நாள்: 500 யூனிட். நிலவறைக்கு மேல் தரையை அடைத்தால் 160 வாட், அதே மணிக்கணக்கில் 86 யூனிட். அடைத்தபின் நிலவறை இன்னும் குளிரும், அதனால் 86-கூட முழுதாக வராது. இருந்தும் இடைவெளி ஆறு மடங்கு.

2024 ஜூன் 29

"பிய்த்தேன் என்றீர்களே, அதைச் சொல்லுங்கள்" என்று நாலு பேர். சரி.

2022 மே மாதம். மாமியார் ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வருகிறார். நிலவறையைப் படுக்கையறை ஆக்கலாம் என்று முடிவு. அண்ணன் அனுப்பிய வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தேன். சுவரை ஒட்டி மரச்சட்டம், நடுவில் கண்ணாடிப் பஞ்சு, அதன் மேல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் ரைனோபோர்டு (ஜிப்சம் பலகை), வெள்ளைப் பெயின்ட். பார்க்க ஓட்டல் அறை மாதிரி. ஜூலை, ஆகஸ்ட் சொர்க்கம். மாமியார் என்னைப் புகழ்ந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் மழை ஆரம்பித்தது. ஜனவரியில் கதவைத் திறந்தால் பழைய சாக்கு வாடை. பூச்சி செத்திருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். கட்டிலை நகர்த்தினேன், பலகையின் அடி ஓரம் கறுத்திருந்தது. ஒரு பலகையைக் கழற்றினேன். பஞ்சு பிழிகிற ஈரம். மரச்சட்டம் முழுக்கப் பூஞ்சை. செங்கல்லில் உப்புப் பூத்து மாவு மாதிரி உதிர்கிறது. அன்று மதியம் முழுவதையும் பிய்த்துக் குப்பையில் போட்டேன். அழவில்லை என்று சொல்ல மாட்டேன்.

நடந்தது என்னவென்றால், சுவரில் ஓதம் முன்பே இருந்தது. வெறும் சுவராக இருந்தபோது ஈரம் அறைக்குள் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. நான் பிளாஸ்டிக் தாளைப் போட்டு அந்த வழியை அடைத்தேன். போதாக்குறைக்கு, கோடையின் ஈரக்காற்று இடுக்கு வழியாகப் பின்னால் போய்க் குளிர்ந்த செங்கல்லில் வேர்த்தது. பஞ்சு இரண்டையும் குடித்தது. இங்கே குளிர்காலம் வறண்டது, மழை கோடையில்தான். அதனால் தவறு ஜூலையில் தெரியாது, ஜனவரியில்தான் தெரியும். குளிர்காலத்தில் வேலையை முடித்துப் பணம் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இது வசதியான பருவம்.

2024 ஜூன் 30

தன்மேல் நான் குற்றம் சுமத்தியதாக அண்ணன் கொதித்து எழுந்திருக்கிறார். அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், நியாயம்தான். அவர் வீட்டில் அப்படிச் செய்யவே இல்லையாம், வீடியோவை முழுதாகப் பார்க்காமல் அனுப்பினாராம் (இதை ஒப்புக்கொள்ள இரண்டு வருஷம்). அவர் செய்தது: கான்கிரீட் மேலேயே இரண்டு அங்குல எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகையை இடைவெளி இல்லாமல் ஒட்டி, இணைப்புகளை டேப் போட்டு, அதற்கு முன்னால் சட்டமும் ஜிப்சம் பலகையும். பிளாஸ்டிக் தாள் கிடையாது. வீட்டுக் காற்று குளிர்ந்த கான்கிரீட்டைத் தொடவே முடியாது, அதனால் வேர்க்காது.

அதைவிடப் பலன் தந்தது இன்னொன்று என்கிறார். கான்கிரீட் சுவர் முடிந்து மரத்தரை உட்காரும் விளிம்பு. அங்கே சுற்றிலும் விரல் நுழையும் இடுக்குகள். சூடான காற்று மேலேறி மாடி வழியாக வெளியே போகப் போக, கீழே இந்த விளிம்பு வழியாகக் குளிர்காற்று உறிஞ்சப்படும். அதை நுரை பீய்ச்சி அடைத்த அன்றே கால் சில்லிடுவது நின்றதாம். அவர் இருக்கும் தெற்கு ஒன்டாரியோவில் உறைபனி மண்ணுக்குள் 1.2 மீட்டர் வரை இறங்கும். ஹீட்டர் எந்திரமே பேஸ்மென்டில் உட்கார்ந்திருக்கும். குளிர் ஆறு மாதம். அங்கே பேஸ்மென்டுக்குப் போட்ட காசு திரும்பி வருவதில் ஆச்சரியம் இல்லை. உங்கள் மச்சான் பொய் சொல்லவில்லை தம்பி, அவர் மண் வேறு.

2024 ஜூலை 2

சின்ன விஷயம். ஓதம் சுவரிலிருந்தா, அறைக் காற்றிலிருந்தா என்று பார்க்க: ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு மூன்று நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் துளி என்றால் சுவர் நீர். முன்பக்கம் துளி என்றால் அறைக் காற்று. மழைக்காலத்தில் செய்யுங்கள். இப்போது செய்து "காய்ந்திருக்கிறதே" என்று என்னிடம் வராதீர்கள்.

2024 ஜூலை 7

2023 குளிர்காலம் முழுக்கச் செய்தது வெளிவேலை. கூரை நீர்க்குழாய் நேராக நிலவறைச் சுவரின் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் நான் ஆசையாய் வளர்த்த கறிவேப்பிலைப் பாத்தி, தினம் இரண்டு வாளி. அதாவது சுவருக்கு நானேதான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்! குழாயை மூன்று மீட்டர் தள்ளி விட்டோம். பாத்தி இடம் மாறியது (செடி கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் இலை விடவில்லை). பிறகு சுவரை ஒட்டிப் பள்ளம். கென்சிங்டன் பாறை மேட்டில் பள்ளம் தோண்டுவது என்றால் கடப்பாரை வாயைப் பிளக்கும். இரண்டு ஆட்களுக்கு ஒன்பது நாள். சுவரைக் காயவிட்டு, தார்ப் பூச்சு, அதன் மேல் புடைப்புத் தாள் (குமிழ் குமிழாகப் புடைத்த பிளாஸ்டிக் தாள்), அடியில் துளையிட்ட குழாய், மேலே ஜல்லி. 2024 ஜனவரி மழையில் தாள் சோதனை செய்தேன். பின்னால் துளி இல்லை.

ஜோஹன்னஸ்பர்குக்குத் தெற்கே லெனேசியாவில் இருப்பவர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். அந்தப் பக்கம் பல இடங்களில் அடியில் டோலமைட் பாறை. தண்ணீர் ஒரே இடத்தில் இறங்கினால் பாறை கரைந்த வெற்றிடத்துக்குள் மண் சரிந்து தரையே உள்வாங்கும். பொறியாளரைக் கேட்காமல் பள்ளமும் வேண்டாம், உறிஞ்சு குழியும் வேண்டாம். புளூம்ஃபோன்டெய்ன் களிமண்ணோ மழைக்கு வீங்கிக் காய்ந்தால் சுருங்கும். அங்கேயும் அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டுவதற்கு முன் கேளுங்கள்.

2024 ஜூலை 13

மேலே ஹால் ஜன்னலில் காலையில் வழியும் தண்ணீருக்கும் நிலவறைதான் காரணம் என்று ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன். இல்லை. காஸ் ஹீட்டர்! ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வருகிறது. இரவெல்லாம் கொதிக்கும் இட்லிப் பானையை நடுஹாலில் வைத்த மாதிரி.

இதோடு இன்னொன்று. இடுக்கையெல்லாம் அடைப்பது பற்றி எழுதினேன். அடைத்த அறையில் புகைபோக்கி இல்லாத காஸ் ஹீட்டரோ, பாரஃபின் அடுப்போ, கரி போட்ட இம்பாவுலாவோ (ஓட்டை போட்ட தகர டின் அடுப்பு) வைத்துத் தூங்காதீர்கள். அவை விடும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாடை கிடையாது, எழுப்பாது. நிலவறையில் சுத்தமாக வேண்டாம். மாமியார் அறைக்கு எண்ணெய் ஹீட்டர் மட்டும்தான்.

2024 ஜூலை 14

கீஸருக்குப் போர்வை சுற்றலாமா என்கிறார் ஒருவர். ஆமாம், போர்வை சுற்றுங்கள், குழாயின் முதல் இரண்டு மீட்டருக்கும் சுற்றுங்கள். தெர்மோஸ்டாட்டை 60-க்குக் கீழே இறக்காதீர்கள், தண்ணீரில் கிருமி வளரும்.

நான் சுற்றினேன். விளைவு: குளியலறை அலமாரியில் கீஸர் மேல் வைத்தால் பொங்கிக்கொண்டிருந்த இட்லி மாவு இப்போது மூன்று நாளானாலும் கல்லு மாதிரி இருக்கிறது. வெப்பக் காப்பு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

2024 ஆகஸ்ட் 11

நிலவறை இரண்டாம் முறை. இந்த முறை கணக்குப் போட்டுவிட்டுத்தான் கை வைத்தேன், ஒரு விஷயம் பிடிபட்டது. அங்கே ஆள் படுக்கிறார், ஹீட்டர் எரிகிறது என்றால் நான் ஜூனில் எழுதியது மாறும். அறையே சூடாக இருக்கும்போது சுவரைப் பார்க்க வேண்டும், தரையை அல்ல. மண்ணுக்குள் இருக்கும் 1.6 மீட்டர் வழியாக 70 வாட் அளவில்தான் போகிறது. மண்ணுக்கு மேலே தெரியும் 80 சென்டிமீட்டர்ப் பட்டையும், தோட்டத்தைப் பார்த்த சுவரும் சேர்ந்து 580 வாட்டுக்கு மேல். எட்டு மடங்கு. புதைந்த சுவருக்குச் செலவு செய்ய ஆசைப்பட்ட நான், வெளியே தெரியும் செங்கல்லைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஆகவே 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ்., தோட்டப் பக்கச் சுவர் முழுக்க, மற்ற மூன்று சுவர்களில் மேலிருந்து மண் மட்டத்துக்குக் கீழே அரை மீட்டர் வரை. இடைவெளி இல்லாமல் ஒட்டி, டேப். நுரைப்பலகை தீப்பிடித்தால் புகை கொல்லும், அதனால் மேலே ரைனோபோர்டு கட்டாயம். நுரைப்பலகைக்குக் கீழே செங்கல் வெறுமனே மூச்சு விடட்டும் என்று சுண்ணாம்புப் பூச்சோடு விட்டுவிட்டேன். அழகாக இல்லை. பாதிச் சுவர் தடித்து, ஜாக்கெட் போட்டு வேட்டி கட்டாதவர் மாதிரி நிற்கிறது.

2024 செப்டம்பர் 22

டர்பன் போகும் வழியில் ஃபான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 நெடுஞ்சாலை மூடிக் கிடந்தது. டர்பன் அண்ணாச்சி ஹாரிஸ்மித் பக்கம் காருக்குள் ஒரு ராத்திரி இருந்தாராம். "ஹீட்டர் என்றால் என்ன என்று புரிந்தது" என்று எழுதியிருக்கிறார். பாவம், சிரிக்கவில்லை. கொஞ்சம்தான்.

2025 பிப்ரவரி 16

மழை கொட்டித் தீர்த்துவிட்டது. போர்டைக் கழற்றிப் பார்த்தேன். நுரைப்பலகைக்குப் பின்னால் உலர்ந்திருக்கிறது. ஒரே ஒரு மூலையில், டேப் விட்ட இடத்தில், கட்டைவிரல் அளவு கறுப்பு. மறுபடி ஒட்டினேன். அந்த மூலையை நான் ஒட்டவில்லை, என் வீட்டுக்காரர் ஒட்டினார் என்பதைப் பதிவு செய்கிறேன்.

2025 ஜூலை 6

புளூம்ஃபோன்டெய்ன் தம்பி திரும்பி வந்திருக்கிறார். சீலிங் போட்டுவிட்டாராம், ஹாலில் ஹீட்டர் எட்டு மணிக்கே அணைகிறதாம், நிலவறையை இன்னும் தொடவில்லையாம். நல்லது. "தரை மட்டும் இன்னும் சில்லென்று இருக்கிறது" என்கிறார். தடித்த கோணிச் சாக்கு விரித்து மேலே ஜமக்காளம் போடுங்கள். சிரிப்புக்குச் சொல்லவில்லை. காலுக்குத் தெரிகிற குளிர் வேறு, மீட்டருக்குத் தெரிகிற குளிர் வேறு.

மாமியார் மறுபடி வந்திருக்கிறார். மேல் அறை இப்போது நன்றாகத்தான் இருக்கிறது, மாறிக்கொள்ளுங்கள் என்றால் மாட்டேன் என்கிறார். நிலவறை அவருடையதாம். காலை ஆறு மணிக்கு, ராத்திரி பத்துக்கு ஹீட்டர் அணைத்த பிறகும், அங்கே 16 டிகிரி.

2025 ஜூலை 8

பள்ளத்தில் என்ன ஜல்லி என்று கேட்டவருக்கு: 19 மில்லிமீட்டர், கழுவியது. சுற்றிலும் வடிதுணி போடாவிட்டால் இரண்டு மழையில் மண் வந்து அடைத்துவிடும். செப்டம்பருக்குள் மூடிவிடுங்கள்.

மாவைக் கேட்டவருக்கு: மாமியார் அறையில், எண்ணெய் ஹீட்டரிலிருந்து ஒரு முழம் தள்ளி. பொங்குகிறது. ஆனால் அனுமதி கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.